எடைக்குப் போடுவதற்கு முன்: பழைய புல்வெட்டி மெஷினைச் சோதிக்கும் வழி

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்குள் போனாலும் மோட்டார் ரூம் மூலையில் ஒரு பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டும் புல்வெட்டி மெஷின், சாய்ந்து நிற்கும். ஓடுகிறதா என்று கேட்டால், "அது பழசுண்ணே, புதுசுதான் வாங்கணும்" என்று பதில் வரும். நானும் அப்படிச் சொன்னவன்தான். மூன்று வருடம் முன்பு கார்த்திகை மழை விட்ட கையோடு தோப்பில் புல் முழங்காலுக்கு நின்றது. என் மெஷின் வாங்கி அப்போது எட்டு வருடம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். பழைய இரும்புக்காரரிடம் விலையே பேசிவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் மச்சினன் வந்தான். பைக் மெக்கானிக். ஒரு கம்பியின் நுனியை வளைத்து டேங்குக்குள் விட்டு, தூண்டில் போடுகிற மாதிரி ஃபில்டரை வெளியே எடுத்தான். கருப்பட்டிப் பாகில் முக்கியது போல் இருந்தது. ஃபில்டரையும் ஒரு சாண் டியூபையும் மாற்றினோம். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. மூன்றாவது இழுவையில் மெஷின் கத்தியது. இன்று வரை ஓடுகிறது.

அதே மச்சினன் போன வருடம் என்னுடைய இன்னொரு மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க, எடைக்குப் போட்ருங்க" என்றான். அது வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வாங்கி எத்தனை வருடம் என்று பார்க்காதீர்கள், கோளாறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் வரும் வழி, நெருப்பு வரும் வழி, காற்று வரும் வழி, இந்த மூன்றில் இருந்தால் பதினைந்து வருட மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு சரி செய்யலாம். பிஸ்டனிலோ, அது சுற்றவைக்கும் தண்டான கிரேங்கிலோ இருந்தால் புது மெஷினாக இருந்தாலும் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும்.

கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் தோளில் மாட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டருக்கு. நம் ஊரில் "புல்வெட்டி மெஷின்" என்றால் அதுதான். தள்ளிக்கொண்டு போகும் லான் மோயர் கல்லூரி வளாகம், ஓட்டல் புல்வெளி, விளையாட்டு மைதானம் தாண்டி அதிகம் கண்ணில் படாது. அது வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும். வித்தியாசமான இடத்தில் சொல்கிறேன்.

தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் (இஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தரும் பாகம்) தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பும்போது இஞ்சின் ஒரு தடவை பிடித்தால் போதும், விரல் போய்விடும். சைலன்சர் ஆறட்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் கம்ப்ரஷன், மற்றதெல்லாம் அப்புறம்

எந்தக் கோளாறோடு வந்தாலும் மச்சினன் முதலில் கயிற்றைத்தான் இழுப்பான். ஓட்டுவதற்காக அல்ல, தடையைப் பார்ப்பதற்கு. ஸ்விட்சை ஆஃபில் வைத்து, பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒரு இடத்தில் தடுக்கும். விடாமல் இழுத்தால் அதைத் தாண்டி லேசாகும், மறுபடி தடுக்கும். அந்தத் தடைதான் கம்ப்ரஷன், பிஸ்டன் உள்ளே காற்றை அமுக்குவதால் வருவது. வாளி கட்டாத கிணற்றுக் கயிறு மாதிரி ஒரே சீராக வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? இஞ்சினை ராடிலிருந்து (பிளேடு வரை போகும் நீளக் குழாய்) பிரித்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து இஞ்சினைத் தொங்கவிடுங்கள். நல்ல இஞ்சின் நின்று நின்று இறங்கும். சரசரவென்று தரைக்கு வந்தால் உள்ளே காற்று பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் எண்ணாகவே கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வகை) அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் கவலை இல்லை. 90க்குக் கீழே போனால் பிடிப்பதே பாடாக இருக்கும். ஆயிலைத் தனியாக ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த எண்ணை நம்ப வேண்டாம். இழுப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று சில இஞ்சின்களில் வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் அமைப்பு இருக்கும், கேஜ் குறைத்துத்தான் காட்டும்.

தடை குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக நாலைந்து சொட்டு ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். தடை கூடினால் ரிங்கோ (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. தடை கொஞ்சமும் கூடாவிட்டால் கேஸ்கட் (இணைப்பில் காற்று போகாமல் வைக்கும் தகடு) வழியாகவோ, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வு வழியாகவோ காற்று போகலாம். கேஸ்கட் என்றால் சின்னச் செலவு.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று இருக்கிறது. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டைக் கழற்றினால் ஒரு சின்ன ஜன்னல் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த ஜன்னல் வழியே பிஸ்டனின் பக்கவாட்டையே பார்க்கலாம். டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் ஜன்னலை மறைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வழவழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால் இஞ்சின் உயிரோடு இருக்கிறது. மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியது போல் கோடுகள் இருந்தால், ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஸ்குரூ டிரைவரும் டார்ச்சும் போதும். பழைய மெஷின் விலைக்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் மெஷின் சாகவில்லை. இனி கோளாறு வாரியாகப் போகலாம்.

கயிறு அசையவே இல்லை

பயந்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். இப்போது கயிறு வந்தால் உள்ளே பெட்ரோலோ ஆயிலோ நிரம்பி நின்றிருக்கிறது. மெஷினைத் தலைகீழாகச் சாய்த்து வைத்தால் இப்படி ஆகும். பத்து முறை இழுத்து வெளியேற்றினால் சரி. துளையிலிருந்து பெட்ரோல் பீறிடும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

அப்போதும் வரவில்லை என்றால் இஞ்சினையும் ராடையும் பிரியுங்கள். இஞ்சின் தனியாகச் சுற்றினால் சிக்கல் கீழே. கியர் பெட்டியில் புல்லும் தென்னை நாரும் கயிறு திரித்தது போல் சுற்றியிருக்கும், இல்லையென்றால் கியர் பேரிங் ஜாம். கியர் பெட்டி முழுசாகவே கடையில் கிடைக்கும், மாற்றிவிடலாம். இஞ்சின் தனியாகவும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வரும் கணக்குக்குப் போங்கள்.

கயிறு வெளியே வந்து திரும்பச் சுருளவில்லை என்றால் அது ஸ்பிரிங். அதற்காக மெஷினையே ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கயிறு வருகிறது, மெஷின் பிடிக்கவில்லை

ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், நானே அரை மணி நேரம் இழுத்திருக்கிறேன். டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல்? முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை போய் வார்னிஷ் வாடை அடித்தால் கீழே ஊற்றாமல் ஒரு கேனில் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

அப்புறம் பிளக். அதைக் கழற்றியதும் தெரியும் ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பது. அதுதான் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும்.

ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை, அல்லது சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் திருகு) போட்டு அதிகம் இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, தொப்பியை மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை இஞ்சின் தகட்டில் ஒட்டிப் பிடித்து இழுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். நீல நிறத்தில் 'டிக்' என்று பொறி வர வேண்டும். மஞ்சளாக மினுக்கினாலோ வராவிட்டாலோ முதலில் புது பிளக். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

புது பிளக்கிலும் பொறி இல்லையா? பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு ஸ்விட்சிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும். அதைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் காயில் நல்லதுதான், ஒயர் எங்கோ உரசி இரும்பில் தொடுகிறது. மோட்டார் ரூமில் வைத்திருந்தால் எலியைச் சந்தேகப்படுங்கள். என் பக்கத்துத் தோப்பு அண்ணன் புதுக் காயில் வாங்கி மாட்டிய பிறகுதான் கைப்பிடிக்குள் எலி கடித்த ஒயரைக் கண்டுபிடித்தார். ஒயரைக் கழற்றியும் பொறி இல்லை என்றால் காயிலுக்கும் சுற்றும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு கார்டை நடுவில் வைத்துத் திருகி, கார்டை உருவிவிடுங்கள். அதிலும் வராவிட்டால்தான் காயில் போயிருக்கிறது.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. ஒரு டீஸ்பூனில் கால்வாசி பெட்ரோல் கலவையைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு வினாடி ஓடி நின்றால் நெருப்பும் கம்ப்ரஷனும் சரி. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

லான் மோயர்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பிளேடு கல்லிலோ வேரிலோ மோதி நின்ற பிறகு பிடிக்கவே இல்லை, இழுத்தால் கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறது என்றால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்னச் சாவி வெட்டுப்பட்டிருக்கும். அந்த வகை மெஷினில் பெரும்பாலும் பிளேடு கிரேங்கிலேயே நேராக மாட்டியிருப்பதால் அடி அங்கே போகிறது. சாவியின் விலை ஒரு டீ, வடைக் காசு. ஆனால் கிரேங்கே வளைந்திருந்தால் கதை வேறு. பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றி, பிளேடு நடுவில் தள்ளாடுகிறதா என்று பாருங்கள்.

பிடிக்கிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது

எடைக்குப் போகிற மெஷின்களில் நான் அதிகம் பார்த்தது இந்தக் கோளாறுதான். பார்ப்பதற்குப் பெரிய நோய் மாதிரி இருக்கும், உண்மையில் சளி. இஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது.

முதலில் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். ஓடிவிட்டால் மூடியில் காற்று போகும் சின்னத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் தீர்ந்தது. இந்தத் துளைக்காக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரையே மாற்றிய ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அடுத்து டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், என் கதை. அதோடு டியூபையும் வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். முன்பைவிட இப்போது இந்த டியூபும், கையால் அமுக்கும் ரப்பர் பல்பும் வேகமாகக் கெட்டுப் போகின்றன என்று மச்சினன் சொல்கிறான். பங்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பைக்கில் ஊற்றினால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், தெரியாது. தை மாதம் ஓட்டி மூலையில் சாய்த்த மெஷினை ஆடியிலோ ஐப்பசியிலோ எடுக்கிறோம். அத்தனை மாதமும் டேங்கிலும் கார்பரேட்டரிலும் அது கிடந்தால் என்ன ஆகும்?

பல்பை அமுக்கும்போது பெட்ரோல் வந்து நிரம்பி, திரும்பும் டியூபில் டேங்குக்கே போக வேண்டும். அமுக்கினால் அமுங்கியபடியே நின்றால் வழி அடைப்பு. காற்றுக் குமிழாகவே வந்துகொண்டிருந்தால் டியூபில் ஓட்டை.

இவ்வளவும் சரி என்றால் கார்பரேட்டர். நாலு ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் டயாப்ரம் தெரியும், வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தகடு. அது வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்துப் போய்க் கடகடவென்று சத்தம் போட்டால் மாற்றுங்கள். டயாப்ரமும் கேஸ்கட்டும் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். கழற்றும்போது எது மேலே எது கீழே என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றி அடுக்கினால் அன்று முழுக்க வேலை கெட்டது. துளைகளை இரும்பு ஊசியால் குத்தி அகலப்படுத்தாதீர்கள். கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். பெயர் தெரியாத மெஷின் என்றால் டயாப்ரம் செட்டுக்கும் முழு கார்பரேட்டருக்கும் விலை வித்தியாசம் ரொம்ப இருக்காது. இரண்டையும் கேட்டுவிட்டு முழுசாகவே வாங்கி மாட்டிவிடலாம், கூலி மிச்சம்.

தானாக ரேஸ் ஆகிறது

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் மெஷின் கூவிக்கொண்டே இருந்தால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே காற்று நுழைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் உள்ளே போகிறது. காற்று கூடினால் ஆயிலும் குறைகிறது என்று அர்த்தம், பிஸ்டன் காய்ந்து ஓடும். அந்தப் பக்கத்துப் போல்டுகளை இறுக்கி, கேஸ்கட் மாற்றிப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் கிரேங்கைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், போயிருக்கும். சீல் விலை குறைவு, பிரித்துக் கோக்கிற கூலிதான் அதிகம். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் செய்யலாம்.

ஓடுகிறது, புல்லில் வைத்தால் அமுங்குகிறது

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, நாலு சொட்டு ஆயில் தடவி மாட்டுங்கள். தோப்புத் தூசியில் இது ஒரு நாளில் அடைக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சைலன்சர். ஆயில் அதிகம் கலந்து ஓட்டியவர்கள் மெஷினில் அந்த ஜன்னலைச் சுற்றிக் கரி அப்பியிருக்கும். வெளியே போக வழி இல்லாவிட்டால் உள்ளே எப்படி வரும்? பிஸ்டன் ஜன்னலை மறைக்கும்படி வைத்துக்கொண்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம். சைலன்சர் வாயில் சின்ன வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

சில சமயம் குற்றவாளி பிளேடுதான். முனை மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு இஞ்சினைத் திட்டுவது நியாயமில்லை.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். கையுறை அல்லது சாக்குத் துணி வேண்டும். பொறி இல்லை என்றால் காயில் சூட்டில் சாகிறது. மாற்றுங்கள், பிரச்சினை முடிந்தது. பொறி இருக்கிறது, ஆனால் கயிறு காலையில் இருந்ததைவிட லேசாக இழுபடுகிறது என்றால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். தேய்ந்த ரிங் குளிர்ச்சியில் எப்படியோ சமாளிக்கும், ஆயில் இளகியதும் விட்டுவிடும். சித்திரை வெயிலில் மதியம் ஓட்டினால் எந்த மெஷினுமே திணறும், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு காலை வேளையில் ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இஞ்சின் கத்துகிறது, பிளேடு சுற்றவில்லை

கிளட்ச் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது கீழே கியர் பல் போயிருக்கும். பிளேடைக் கையால் சுற்றினால் கரகரவென்றால் கியர் பெட்டி. கியர் பெட்டியில் ஒரு சின்ன போல்ட் இருக்கும், அதைத் திறந்து 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அந்த போல்டைத் தொடாதவர்கள்தான் அதிகம். இதற்கு நேர் எதிராக, ஆக்சிலேட்டரை விட்டும் பிளேடு சுற்றினால் ஐடில் ஸ்குரூவை (ஆக்சிலேட்டர் இல்லாதபோது ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்குரூ) குறையுங்கள், அடங்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங். இரண்டுமே சரி செய்கிற கோளாறு.

கை மரத்துப் போகிறது

பிளேடைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் பிளேடு வளைந்திருக்கிறது. போகவில்லை என்றால் இஞ்சினை நிறுத்தி, ராடிலிருந்து பிரித்து, கிளட்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிரேங்க் பேரிங். பிரித்து வைத்த இஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்து முறுக்காதீர்கள். சுற்றி மூடி இல்லாமல் கிளட்ச் கட்டை தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இப்போது கணக்கு

பிஸ்டனில் கோடு, ஒட்டிக்கொண்ட இஞ்சின், கிரேங்கில் ஆட்டம். இந்த மூன்றில் ஒன்று வந்தால்தான் "வாங்கலாமா" என்ற கேள்வியே வருகிறது.

பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றும் சேர்ந்த செட் கிடைக்கிறதா என்பது முதல் கேள்வி. பெயர் தெரியாத மெஷின் என்று கேவலமாக நினைக்க வேண்டாம். சீனத்து டூ ஸ்ட்ரோக் மெஷின்களில் ஏராளமானவை ஒரே அச்சில் வார்த்தவை. இஞ்சின் உடம்பில் 1-இ-40-எஃப்-5 என்று பொறித்திருந்தால் ஒற்றைச் சிலிண்டர், 40 மில்லிமீட்டர் போர், சுமார் 43 சிசி. 44 என்று இருந்தால் சுமார் 52 சிசி. மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இந்த எண்ணைச் சொன்னால் மதுரை டவுன் ஸ்பேர் கடையில் சாமான் எடுத்துத் தருவார்கள். ஸ்டில், ஹோண்டா மாதிரி பெயருள்ள மெஷின்களுக்கு டீலரிடம் பாகம் பல வருடம் கிடைக்கும், விலைதான் கடிக்கும். இரண்டிலும் சேராத, எண்ணும் இல்லாத, விற்ற கடையும் மூடிப்போன மெஷின்தான் அனாதை. அதற்குக் காசு போடாதீர்கள்.

இரண்டாவது, சாமான் விலையோடு கூலியையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரியாத மெஷினுக்கு அந்தத் தொகை அதே மாதிரிப் புது மெஷினின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். நல்ல மெஷினுக்குப் பாதி வரை போகலாம். பாதி என்ற கணக்கை எல்லா மெஷினுக்கும் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலிவு மெஷினில் சிலிண்டரை மாற்றினால் அடுத்த மழைக்கு கிளட்ச் கேட்கும், அதற்கடுத்து கியர்.

என் மூன்று வருட மெஷினுக்கு நடந்தது இதுதான். வேலைக்கு வந்த தம்பி, கலந்து வைத்த கேன் தீர்ந்துபோனதும் பைக்கிலிருந்து வெறும் பெட்ரோலைப் பிடித்து ஊற்றிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, டூ ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று நான்தான் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டது, சுத்தியலால் தட்டி இழுத்ததில் கிரேங்க் பேரிங்கும் போனது. சிலிண்டர் செட், கிரேங்க், பேரிங், சீல், கூலி எல்லாம் எழுதிக் கூட்டினால் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. பிஸ்டன் மட்டும் போயிருந்தால் செய்திருப்பேன்.

அதற்கு அப்புறம் கேன் மேலேயே பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். மெஷின் புத்தகத்தில் 25க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில். 50க்கு 1 என்றால் 20 மில்லி. "ஒரு மூடி ஊத்தினா போதும்" என்கிற அளவு வேண்டாம், மூடிக்கு மூடி அளவு மாறுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, ஆயில் தனியாக அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, உங்களுக்கு மெஷின் வேண்டுமா என்பதே. அரை ஏக்கர் கொல்லையை வருடத்துக்கு இரண்டு முறை வெட்ட, மெஷினோடு கூலிக்கு வருகிற ஆளைக் கூப்பிட்டால் போதும். நாள் முழுக்கக் கூலிக்கு ஓட்டுகிறவர் என்றால் மெஷின் கொஞ்சம் முரண்டு பிடிக்கத் தொடங்கும்போதே புதிது வாங்கிவிட்டு, பழசை மாற்று மெஷினாக வைத்துக்கொள்வதுதான் லாபம்.

புதிது என்று முடிவாகிவிட்டால் கடைக்கு ஓடுவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 2014-15ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று மானியம் உண்டு, கருவிக்குக் கருவி உச்ச வரம்பு இருக்கும். உழவன் செயலியிலும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் நினைக்கிற மெஷின் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் வாங்கிவிட்டு பில்லைக் காட்டினால் மானியம் வராது. அதனால் மெஷின் பங்குனியில் செத்தால் நல்ல காலம், ஐப்பசி வரை பொறுக்கலாம். கார்த்திகையில் செத்தால் கூலி ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிட்டு விண்ணப்பியுங்கள், அவசரத்தில் முழு விலை கொடுக்காதீர்கள்.

பழசை எடைக்குப் போடுகிறீர்கள் என்றாலும் முழுசாகப் போடாதீர்கள். என் செத்த மெஷினின் கார்பரேட்டர், காயில், கியர் பெட்டி, ராடு, தோள்பட்டை வார் எல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தேன். இரண்டும் ஒரே எண் இஞ்சின் என்பதால் போன மார்கழியில் அந்தக் கார்பரேட்டர்தான் பழைய மெஷினில் ஏறியது. மீதி இருந்த வெறும் இஞ்சினை மட்டும் இரும்புக்காரர் தராசில் வைத்தார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, மோட்டார் ரூம் மூலையைக் காட்டி, "அந்தப் பதினோரு வருசத்துப் பழசை எப்பண்ணே தருவீங்க?" என்றார்.